காலா கொலொரிட்சே: நடந்துபோய்ச் சேரவேண்டிய ஒரு கடற்கரைக்கு முழுமையான வழிகாட்டி

இத்தாலியின் சார்தீனியா தீவின் கிழக்குக் கரையில், ஒரொசேய் வளைகுடாவின் தென்பகுதியில், சுண்ணாம்புப் பாறை மலைகள் நேராகக் கடலில் இறங்குகின்றன. அந்தச் சுவர்களின் அடியில், ஒரு சின்னப் பிளவுக்குள், வெள்ளைக் கூழாங்கற்களால் ஆன ஒரு கரை இருக்கிறது. அதற்குச் சாலை கிடையாது. மோட்டார் படகு கரையை நெருங்கக் கூடாது. பீடபூமியின் மேல் வண்டியை விட்டுவிட்டு மூன்றரை கிலோமீட்டர் நடந்து இறங்க வேண்டும். பிறகு அதே மூன்றரை கிலோமீட்டரை ஏறி வர வேண்டும். அதுதான் காலா கொலொரிட்சே. 'காலா' என்றால் சிறு கடற்குடா. பெயரின் கடைசி எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அப்போதுதான் ஊர்க்காரர்களுக்குப் புரியும்.

இந்தக் கரை மிகவும் இளையது என்பது பலருக்குத் தெரியாது. 1962இல் ஏற்பட்ட ஒரு நிலச்சரிவில்தான் இது உருவானது. மேலிருந்து சரிந்த கல்லை அலைகள் உருட்டி உருட்டி உருண்டையாக்கின. நம் பெற்றோர்கள் பலரைவிட வயதில் சிறிய கடற்கரை இது. அதன் தலைக்கு மேல் நிற்கும் ஊசிப்பாறையோ மிகப் பழையது. 143 மீட்டர் உயரமுள்ள அந்த ஒற்றைக் கல்லுக்கு மோந்தே கரொத்தி என்று பெயர். மலையேறுபவர்கள் அதை 'அகூல்யா', அதாவது ஊசி, என்கிறார்கள். 1990களில் இந்த இடம் இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இறங்குவது எளிது, ஏறுவதுதான் பயணம். இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு எண்ணத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது. எப்போது போவது, எவ்வளவு தண்ணீர் எடுப்பது, எத்தனை மணிக்குக் கரையை விட்டுக் கிளம்புவது என்று எல்லாவற்றையும் திரும்பி ஏறும் நேரத்தை மனதில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாதமும் காற்றும்

மே கடைசி, ஜூன், செப்டம்பர், அக்டோபர் தொடக்கம். இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எனக்குப் பிடித்தது செப்டம்பரின் பின்பாதி. கோடை முழுவதும் வெயில் வாங்கிய கடல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். பாறைகளின் சூடு தணிந்திருக்கும். இத்தாலியப் பள்ளிகள் திறந்துவிட்டதால் குடும்பங்களின் கூட்டம் குறைந்திருக்கும். மே மாதத்தில் மலை பச்சையாகவும் மணமாகவும் இருக்கும், ஆனால் தண்ணீர் குளிரும். ஆகஸ்டைத் தவிர்க்க முடியுமானால் தவிர்த்துவிடுங்கள். ஆகஸ்ட் 15 இத்தாலியர்களின் பெருவிடுமுறை நாள். அதைச் சுற்றிய இரண்டு வாரங்களில் தீவில் அறையும் கிடைக்காது, வாடகைக் காரும் கிடைக்காது.

மாதத்தைவிடக் காற்றின் திசை முக்கியம். இந்தக் கரை கிழக்கைப் பார்த்திருக்கிறது. வடமேற்கிலிருந்து வீசும் 'மயெஸ்த்ராலே' காற்று சார்தீனியாவின் மேற்குக் கரையில் அலைகளைக் கொந்தளிக்க வைக்கும். ஆனால் இங்கே மலை அதை முதுகால் தடுத்துக்கொள்ளும். கடல் கண்ணாடிபோல் இருக்கும். வடகிழக்கிலிருந்து வரும் 'கிரெகாலே', கிழக்கிலிருந்து வரும் 'லெவாந்தே', தென்கிழக்கிலிருந்து வரும் 'ஷிரொக்கோ' இவை மூன்றும் நேராக இந்தக் குடாவுக்குள் நுழையும். அப்போது அலைகள் கூழாங்கற்களைப் பிடித்து இழுக்கும் ஓசை வெகுதூரம் கேட்கும்; நீந்துவது ஆபத்து. ஆகவே போவதற்கு முந்தைய நாள் மாலை வானிலை அறிக்கையில் மழையை மட்டும் பார்க்காமல் காற்றின் திசையையும் பாருங்கள். கிழக்குப் பக்கம் காட்டினால், பயண நாளை மாற்ற முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

தீவுக்குப் போய்ச் சேர்வது

இந்தியா அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. குறுகிய காலத் தங்கலுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு நேர்காணல் தேதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் அந்த ஆறு மாதத்தை வீணாக்க வேண்டாம்.

ரோம் அல்லது மிலான் வந்து, அங்கிருந்து சுமார் ஒரு மணி நேர உள்நாட்டு விமானத்தில் காலியாரிக்கோ ஒல்பியாவுக்கோ பறப்பது வழக்கமான வழி. காலியாரி தீவின் தெற்கில், ஒல்பியா வடகிழக்கில். நாம் போகும் பௌனேய் ஊர் ஏறக்குறைய நடுவில், இரண்டுக்கும் 150 கிலோமீட்டர் சுமாரில் இருக்கிறது. நேரம் இருப்பவர்கள் ரோமுக்கு அருகிலுள்ள சிவித்தவெக்கியா துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலில் ஒல்பியாவுக்குப் போகலாம். படுத்துத் தூங்கி எழுந்தால் தீவு கண்ணில் படும். தீவை அப்படிச் சந்திப்பதுதான் முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

வாடகைக் கார் இல்லாமல் இந்தப் பயணம் மிகக் கடினம். பஸ் பௌனேய் வரை வரும். அங்கிருந்து, நடை தொடங்கும் கோல்கோ பீடபூமிக்கு ஏறும் எட்டு கிலோமீட்டருக்கு பஸ் கிடையாது. இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துச் செல்லுங்கள். அதை ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்க வேண்டும், இத்தாலியில் வாங்க முடியாது. முன்பணத்தைப் பிடித்து வைக்க ஓட்டுபவர் பெயரிலேயே கடன் அட்டை கேட்பார்கள். டெபிட் அட்டையை மட்டும் நம்பி வந்து, விமான நிலையக் கவுண்டரில் ஒரு மணி நேரம் வாதாடிய ஒரு குடும்பத்தை நேரில் பார்த்திருக்கிறேன். தானியங்கி கியர் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். அங்கே சாதாரணமாகக் கிடைப்பது கையால் கியர் மாற்றும் வண்டிதான். சிறிய வண்டியாக எடுங்கள். மலை ஊர்களின் தெருக்கள் குறுகலானவை.

காலியாரியிலிருந்து வருபவர்கள் எஸ்எஸ் 125 என்னும் கிழக்குச் சாலையைப் பிடித்து, பௌனேய்க்கு அருகிலுள்ள தொர்தொலீ ஊர் வரை வந்தால் போதும். சாலை நன்றாக இருக்கிறது. ஒல்பியாவிலிருந்து வருபவர்களுக்கு இரண்டு வழிகள். நுவோரோ வழியாக உள்நாட்டுக்குள் சுற்றி வருவது சுலபம். தொர்காலி வழியாக அதே 125இன் வடபகுதியில் வருவது அழகு. அந்த வழி 1,017 மீட்டர் உயரமுள்ள ஜென்னா சிலானா கணவாயைத் தாண்டுகிறது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளத்தாக்கு, நடுவில் வளைவுக்கு மேல் வளைவு. பகலில் மட்டும் ஓட்டுங்கள். வயிறு புரளும் பிள்ளைகள் பின்னிருக்கையில் இருந்தால் முதல் வழியே போதும்.

எங்கே தங்குவது

இரண்டு தேர்வுகள். கடலோரத்தில் சாந்தா மரியா நவர்ரேசே. அதற்கு மேலே மலையில் 480 மீட்டர் உயரத்தில் பௌனேய். இரண்டும் ஒரே நகராட்சியைச் சேர்ந்தவை.

சாந்தா மரியாவில் விடுதிகளும் உணவகங்களும் சின்னப் படகுத்துறையும் உண்டு. அங்குள்ள பழைய தேவாலயத்தைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள்: நவார் நாட்டு அரசன் மகள் கப்பல் உடைந்து இந்தக் கரையில் ஒதுங்கினாளாம், உயிர் பிழைத்த நன்றிக்கு இதைக் கட்டினாளாம். ஊரின் பெயரே அதிலிருந்து வந்தது. தேவாலயத்தைச் சுற்றி நிற்கும் ஒலிவ மரங்களின் அடிமரத்தைப் பார்த்தால் கதையை நம்பத் தோன்றும், அத்தனை முதுமை. குடும்பமாக வருபவர்கள் இங்கே தங்குவது நல்லது. நடையை மட்டும் நோக்கி வருபவர்கள் பௌனேயில் தங்கினால் காலையில் அரை மணி நேரம் மிச்சம். எங்கே தங்கினாலும் இரண்டு இரவாவது தங்குங்கள். காற்று திரும்பினால் மாற்றிக்கொள்ள ஒரு நாள் கையில் இருக்க வேண்டும்.

டிக்கெட்

ஒரு நாளில் 250 பேருக்கு மேல் இந்தக் கரைக்கு அனுமதி இல்லை. கட்டணம் தலைக்கு 7 யூரோ. 'ஹார்ட் ஆஃப் சார்தீனியா' என்ற கைப்பேசிச் செயலி வழியாக முன்பதிவு செய்ய வேண்டும். நுழையும் நேரமும் கரையை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரமும் பருவத்துக்கேற்ப மாறும். கட்டணமும் விதிகளும் பௌனேய் நகராட்சியின் முடிவுக்கு உட்பட்டவை. பதிவு செய்யும்போது திரையில் வருவதை முழுவதும் படித்துவிடுங்கள். வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கோடைக்காலத்தில் கிளம்ப வேண்டாம். மேலே கைப்பேசி இணைப்பு சரியாக இருக்காது என்பதால் டிக்கெட்டைத் திரைப்பிடிப்பாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணிக்கைக் கட்டுப்பாட்டைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் அதை மனமார ஆதரிக்கிறேன். கீழே போய்ப் பார்த்தால் தெரியும், கரை எவ்வளவு சிறியது என்று. 250 பேர் நாள் முழுவதும் வந்து போனாலே அது நிறைந்துவிடும். ஆயிரம் பேர் வந்தால் மிஞ்சுவது வெறும் கூட்டம்தான். நாம் தேடி வந்த அமைதி அங்கே இருக்காது.

பையில் என்ன இருக்க வேண்டும்

முதலில் தண்ணீர். ஆளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர். ஜூலை, ஆகஸ்டில் மூன்று. வழியில் ஒரு சொட்டும் கிடைக்காது. அதற்குக் காரணம் மலையிலேயே இருக்கிறது. சுண்ணாம்புப் பாறை மழைநீரைத் தேக்கி வைப்பதில்லை. விழுந்த நீர் வெடிப்புகள் வழியே நிலத்துக்குள் இறங்கி, குகைகளில் ஓடி, கடைசியில் கடலுக்கு அடியில் ஊற்றாக வெளியேறுகிறது. ஆகவே மேலே நதி இல்லை, கிணறு இல்லை. கீழே நீந்தும்போது திடீரென்று பனிக்கட்டிபோல் ஒரு நீரோட்டம் காலைத் தொடும். வழியில் உங்களுக்குக் கிடைக்காத தண்ணீர் அதுதான்! கடலோடு கலந்துவிட்டதால் குடிக்க உதவாது.

நான் முதல் முறை போனபோது ஒன்றரை லிட்டர் போதும் என்று நினைத்துவிட்டேன். நண்பகல் ஒரு மணிக்கு ஏறத் தொடங்கினேன். பாதி வழி வருவதற்குள் தண்ணீர் தீர்ந்தது. தலை சுற்றத் தொடங்கியது. ஒரு ஜூனிப்பர் மரத்தடியில் உட்கார்ந்திருந்த என்னிடம், இறங்கி வந்துகொண்டிருந்த வயதான ஜெர்மானியத் தம்பதியர் கேட்காமலேயே அரை லிட்டர் பாட்டிலை நீட்டினார்கள். அவர்களுக்கும் அது தேவைப்பட்டிருக்கும். அன்றிலிருந்து நான் அந்தப் பாதையில் எனக்கு வேண்டியதைவிட ஒரு பாட்டில் கூடுதலாகத்தான் எடுத்துச் செல்கிறேன்.

அடுத்தது காலணி. பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட, விரல்களை மூடிய நடைக்காலணி வேண்டும். ரப்பர் செருப்போடு இறங்க முயல வேண்டாம். பல்லாயிரம் கால்கள் தேய்த்து வழவழப்பாக்கிய சுண்ணாம்புக் கல் காய்ந்திருக்கும்போதே வழுக்கும். நனைந்தால் சொல்லவே வேண்டாம். கரையில் கூழாங்கற்கள் மேல் நடக்கவும் நீரில் இறங்கவும் மெல்லிய நீர்க்காலணி இருந்தால் பாதம் தப்பும். மூட்டுவலி உள்ளவர்கள் மடக்கும் ஊன்றுகோல் கொண்டுவந்தால் இறங்கும்போது அதன் அருமை தெரியும்.

தொப்பி, வெயில் களிம்பு, நீருக்குள் பார்க்கும் கண்ணாடி, ஒரு துண்டு, குப்பைக்கு ஒரு பை. கீழே கடை இல்லை, கழிப்பறை இல்லை, குப்பைத்தொட்டி இல்லை. சாப்பாட்டுக்கு முந்தைய நாளே ஊரில் 'பிஸ்தொக்கு' ரொட்டி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பகுதி ஆட்டிடையர்கள் வாரக்கணக்கில் மலையில் தங்கும்போது கொண்டுபோன காய்ந்த ரொட்டி அது. வெயிலில் கெடாது, பையில் நசுங்காது. அதோடு ஒரு துண்டு ஆட்டுப்பால் சீஸ், தக்காளி, கொஞ்சம் உப்பு. உப்பை மறக்காதீர்கள்; வியர்த்து ஏறுபவர்களுக்கு அது மருந்து.

பௌனேயிலிருந்து சு போர்தெட்டு வரை

காலை ஏழு மணிக்குள் வண்டியில் இருங்கள். பௌனேய் ஊருக்குள் 'கோல்கோ' என்ற பலகையைப் பார்த்துத் திரும்பியதும் சாலை செங்குத்தாக ஏறும். கொண்டை ஊசி வளைவுகள் நெருக்கமாக வரும். முதல் கியரில் ஏற வேண்டிய இடங்கள் உண்டு. மேலே ஏறிவிட்டால் நிலம் சட்டென்று சமமாகிவிடும். அதுதான் கோல்கோ பீடபூமி. கழுதைகளும் பன்றிகளும் ஆடுகளும் சாலை தங்களுடையது என்பதுபோல் நிற்கும். உண்மையில் அவற்றுடையதுதான். பொறுமையாக நகருங்கள்.

'சு போர்தெட்டு' என்ற பலகையைத் தொடர்ந்தால் கடைசிப் பகுதி மண்பாதை. வண்டி நிறுத்துமிடத்தில் சிற்றுண்டிக் கடை உண்டு. கழிப்பறையை அங்கேயே பயன்படுத்திவிட்டுக் கிளம்புங்கள். ஒரு எஸ்பிரெஸ்ஸோ குடித்துவிட்டும் கிளம்பலாம். டிக்கெட்டைக் காட்டி நடக்கத் தொடங்கும் இடமும் இதுவே. வண்டிக்குள் உணவை வெளியே தெரியும்படி வைக்காதீர்கள், கண்ணாடியை முழுவதும் ஏற்றிவிடுங்கள். இங்கே வளர்க்கப்படும் பன்றிகள் வேலி அறியாதவை, மோப்ப சக்தி மிகுந்தவை.

இறக்கம்

ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் தொடங்கும் பாதை முதலில் சற்று ஏறி, 470 மீட்டரைத் தொட்டு, பிறகு கடல்மட்டம் வரை இறங்குகிறது. தொடக்கத்திலேயே ஏற்றமா என்று யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது முடிந்து, முதல் முறையாகக் கடல் தெரியும். அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது இந்த மேட்டைப் பார்த்தால் 'முடிந்தது' என்று பொருள். அதற்காக இப்போதே அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு பாதை 'பாக்கு கொலொரிட்சே' என்னும் பள்ளத்தாக்குக்குள் இறங்கும். 'பாக்கு' என்றால் இந்த வட்டார மொழியில் மலையிடுக்கு. இரு பக்கமும் சாம்பல் நிறச் சுவர்கள் உயர்ந்துகொண்டே போகும். 'லெச்சோ' என்னும் இலையுதிராத ஓக் மரங்களின் நிழல் அவ்வப்போது வரும். சில மரங்களின் அடிப்பாகம் எத்தனை பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டும் என்று எண்ண வைக்கும். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இத்தாலியின் தொஸ்கானா பகுதியிலிருந்து கரி சுடுபவர்கள் வந்து இந்தக் காடுகளை வெட்டிக் கரியாக்கினார்கள். நாம் இப்போது நடக்கும் பாதைகள் பலவற்றில் அவர்களுடைய கோவேறு கழுதைகள் நடந்திருக்கின்றன. பாதையோரத்தில் காரணமில்லாமல் வட்டமாகச் சமப்படுத்தப்பட்ட இடம் ஒன்றைக் கண்டால், அது பழைய கரி மூட்டம் போட்ட இடமாக இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாறைக் குடைவுகளை ஒட்டி, ஜூனிப்பர் கட்டைகளைக் கூம்பாகச் சாய்த்து அமைத்த குடில்கள் இருக்கும். இடையர்கள் தங்கிய இந்தத் தொழுவக் குடில்களுக்கு 'குயிலே' என்று பெயர். நம் காதுக்கு யாரோ குயிலை அழைப்பதுபோல் கேட்கும். நூறாண்டானாலும் உளுத்துப்போகாத கட்டை ஜூனிப்பர்; அதனால்தான் இடையர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளே எட்டிப் பாருங்கள், எதையும் அசைக்காதீர்கள். ஒரு கட்டையை எடுத்தால் மொத்தமும் சரியும்.

இறங்க ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். பாதை தெளிவாக இருக்கிறது, வழி தவறுவது கடினம். ஆனாலும் குறுக்குவழி போலத் தோன்றும் ஆட்டுத்தடங்களில் இறங்க வேண்டாம். ஆடு போகும் இடம் எல்லாம் மனிதனுக்குப் போகும் இடமல்ல. பள்ளத்தாக்கின் ஒரு திருப்பத்தில் ஊசிப்பாறை முழு உருவத்தோடு எதிரே எழும். 1981இல் முதன்முதலாக இதன் மேல் ஏறினார்கள். இன்றும் கயிற்றோடு தொங்கும் சிறு புள்ளிகளாக மனிதர்களை அதன் மேல் காணலாம். கடைசிப் பகுதியில் கல் படிகள் செங்குத்தாக இறங்கும். அங்கே அவசரம் வேண்டாம். கடலைப் பார்த்த மகிழ்ச்சியில் கால் பார்க்காமல் வைப்பது இந்த இடத்தில்தான்.

நடந்து பழகிய எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளால் இதைச் செய்ய முடியும். தோளில் தூக்க வேண்டிய வயதுக் குழந்தைகளோடு வர வேண்டாம். முழங்கால் அறுவை சிகிச்சை செய்தவர்களும் இதய நோய் உள்ளவர்களும் இறங்கிவிட முடியும் என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. கீழிருந்து மேலே கொண்டுவர வண்டி கிடையாது. அவசரம் நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 112. கடலில் என்றால் கடலோரக் காவல் படையின் 1530. பள்ளத்தாக்கில் பல இடங்களில் இணைப்பு கிடைக்காது என்பதால் தனியாக இறங்காமல் துணையோடு போவது நல்லது.

கரையில்

காலை ஒன்பது மணிக்கு முன் கீழே இருந்தால், அந்த அரை மணி நேரம் வாழ்நாளுக்குப் போதும். கிழக்கு வெயில் நேராகக் குடாவுக்குள் விழும். வெள்ளைக் கற்களின் மேல் நிற்கும் நீர், கரையோரத்தில் நிறமே இல்லாமல், பத்தடி தள்ளி வெளிர்பச்சையாக, அதற்கப்பால் நீலமாக மாறும். மணல் இல்லாததால் கலங்கல் இல்லை. பத்து மீட்டர் ஆழத்திலும் அடித்தளக் கல்லை எண்ணலாம் போலிருக்கும்.

கடலை நோக்கி நின்றால் வலப்பக்கத்தில் பாறை ஒரு வளைவாகக் குனிந்து நீருக்குள் காலை ஊன்றியிருக்கும். அந்த வாசல் வழியே நீந்திப் போகலாம். கடல் அமைதியாக இருக்கும்போது மட்டும். அதன் மேல் ஏறிக் குதிப்பவர்களைப் பார்ப்பீர்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள், நீருக்கு அடியில் பாறை எங்கே இருக்கிறது என்று புதிதாக வருபவருக்குத் தெரியாது. பாறைச் சுவர்களின் அடியிலும் படுக்க வேண்டாம். இந்தக் கரையே சரிவில் பிறந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

கூழாங்கற்கள் மிக அழகானவை. முட்டைபோல, சர்க்கரைபோல, உள்ளங்கைக்கென்றே செய்ததுபோல இருக்கும். ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். சார்தீனியாவில் மணலையோ கல்லையோ கிளிஞ்சலையோ கரையிலிருந்து எடுத்துச் செல்வது 2017இன் பிராந்தியச் சட்டப்படி குற்றம். அபராதம் 500 முதல் 3,000 யூரோ வரை. 2019இல் ஒரு பிரெஞ்சுத் தம்பதியர் தீவின் தெற்கே ஒரு கடற்கரையிலிருந்து எடுத்த சுமார் 40 கிலோ மணலோடு கப்பலேறும் துறைமுகத்தில் பிடிபட்டது உலகச் செய்தியானது. அபராதத்தை விடுங்கள். இந்தக் கரை முழுவதும் ஒரு சரிவு தந்த கல்தான். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் மிஞ்சாது. கிளம்பும்போது காலணியையும் துண்டையும் அங்கேயே நன்றாக உதறுங்கள். பிள்ளைகளின் பைகளையும் பார்த்துவிடுங்கள், அவர்கள் எடுப்பது ஆசையினால்தான்.

தீ மூட்டக் கூடாது, இரவு தங்கக் கூடாது. இசைப்பெட்டியை விட்டுவிட்டு வாருங்கள். கல்லை உருட்டும் அலையின் ஒலி இங்கே தனித்துவமானது, மணல் கரைகளில் அது கிடையாது.

ஏற்றம்

இப்போது முக்கியமான பகுதி. கடற்கரையின் பின்னால் மேற்கில் மலை இருப்பதால் கோடையில் பிற்பகல் மூன்று மணியை ஒட்டி நிழல் கரைமேல் விழத் தொடங்கும். பெரும்பாலோர் வெயில் போனதும் கலைவார்கள். உங்கள் டிக்கெட்டின் நேரக் கட்டுப்பாடு இடங்கொடுத்தால் அதுவே ஏறுவதற்குச் சரியான வேளை. பள்ளத்தாக்கின் சுவர் நிழல் தரும். நண்பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை ஒருபோதும் ஏற வேண்டாம். கல்லும் சுடும், காற்றும் நிற்கும்.

தண்ணீரில் பாதியை ஏற்றத்துக்கென்று ஒதுக்கி, தனிப் பாட்டிலில் பையின் அடியில் போட்டு வையுங்கள். கண்ணில் பட்டால் கரையிலேயே குடித்துவிடுவோம். கிளம்புவதற்குச் சற்று முன்பு கடலில் ஒருமுறை முங்கி, தொப்பியையும் சட்டையையும் நனைத்துக்கொள்ளுங்கள். முதல் இருபது நிமிடம் அந்த ஈரம் உடலைக் காக்கும். முதலில் வரும் படிகள்தான் மிகச் செங்குத்து. அங்கே பேச்சை நிறுத்தி, சிறு சிறு அடியாக, நிற்காமல் மெல்ல ஏறுங்கள். வேகமாக ஏறி நின்று, மறுபடி வேகமாக ஏறுவது உடலை உருக்கிவிடும். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அடையாளம் வைத்த மேட்டிலிருந்து திரும்பிப் பார்த்தால் கடல் நிறம் மாறியிருக்கும். மீதித் தண்ணீரை அங்கே தாராளமாகக் குடிக்கலாம். யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கும் கொடுங்கள்.

நடக்க முடியாதவர்கள்

குடும்பத்தில் ஒருவர் நடக்க முடியாதவராக இருந்தால் அவரை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. சாந்தா மரியா, அர்பதாக்ஸ், காலா கொனோனே துறைகளிலிருந்து படகுகள் கிளம்புகின்றன. கொலொரிட்சேயைத் தள்ளி நின்று காட்டிவிட்டு வேறு குடாக்களில் இறக்கிவிடுவார்கள். அவற்றில் காலா மரியோலு என் விருப்பம். 'மரியோலு' என்றால் திருடன். மீனவர் வலையிலிருந்து மீனைத் திருடிய துறவி சீல் என்னும் கடல்விலங்குக்கு அவர்கள் இட்ட பெயர் அது. இத்தாலியில் 40 குதிரைத்திறன் வரையுள்ள சிறு படகைப் பதினெட்டு வயது நிறைந்தவர் உரிமம் இல்லாமலேயே ஓட்டலாம். காற்று அறிந்தவர்கள் மட்டும் எடுங்கள்.

மேலே வந்த பிறகு

உடனே ஊருக்கு இறங்கிவிடாதீர்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சற்றுத் தொலைவில் வெள்ளையடித்த சான் பியெத்ரோ தேவாலயம் இருக்கிறது. அருகில் 'சு ஸ்தெர்ரு' என்னும் கிணறுபோன்ற பிளவு, 270 மீட்டர் ஆழம். வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். அதை ஒட்டி, கரும்பாறையில் மழைநீர் தேங்கிய குட்டைகள். சுண்ணாம்பு மலையின் மேல் தண்ணீர் எப்படித் தேங்குகிறது என்று கேட்பீர்கள். இந்த இடத்தில் மட்டும் பழைய எரிமலைக் குழம்பு உறைந்து மூடியிருக்கிறது. அந்தக் கரும்பாறை நீரை உள்ளே விடாது. பீடபூமியின் ஆடுமாடுகளுக்குத் தாகம் தீர்ப்பது இதுவே.

இரவு உணவுக்குக் 'குலுர்ஜோனெஸ்' கேளுங்கள். உருளைக்கிழங்கும் ஆட்டுப்பால் சீஸும் புதினாவும் வைத்து, கோதுமைக் கதிர்போல விளிம்பைப் பின்னி மூடிய கொழுக்கட்டை. நம் வீட்டில் சோமாசின் ஓரத்தை மடிக்கும் விரல்கள் அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். இறைச்சி இருக்காது, ஆனால் ஆட்டுப்பால் சீஸைத் திரிக்க விலங்கின் இரைப்பைச் சத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கடுமையான சைவர்கள் அறிந்திருப்பது நல்லது.

கோல்கோவிலிருந்து பௌனேய்க்கு இருட்டுவதற்கு முன் இறங்கிவிடுங்கள். இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். மாலையில் ஆடுகள், பகல் வெயிலின் சூடு மிச்சமிருக்கும் தார்ச்சாலையில், வளைவுக்கு அப்பால்தான் படுத்திருக்கும். ஒலிப்பானை அடிக்க வேண்டாம். வண்டியை நிறுத்தினால் அவையே எழுந்து போகும்.